மணி எழுந்திருக்க மறுத்த இடம்

1

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து மச்சான் போன் செய்தார். மச்சான் என்றால் என் மனைவி வசந்தாவின் அண்ணன். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"திதி இங்கதான் குடுக்கோணும் மாப்ள. வர்றப்பவே மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டு வந்துருங்க. இன்னும் அங்க உக்காந்துக்கிட்டு என்னத்தப் பண்றீங்க? அங்க உங்களுக்குன்னு யாரு இருக்கறா?"

"நாய் இருக்குதுங்க மச்சான்" என்றேன்.

 அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இந்நேரம் வீட்டில் சொல்லியிருப்பார். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது.

புனே வெளிநாடு இல்லைதான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும். அதனால் ஊரில் யாரும் எங்களை ஊர் விட்டுப் போனவர்களாகவே மதிப்பதில்லை. துபாய்க்காரன் லீவில் வந்தால் சென்ட் பாட்டிலாவது கிடைக்கும். எங்களிடம் அதுவும் இல்லை. ஆனால் வாசலில் இறங்கினால் பால்காரர் முதல் போலீஸ்காரர் வரை வேறு பாஷை. ரேஷன் கார்டை மாற்ற நான்கு வருஷம் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் இந்தியைக் கேட்டுவிட்டு, அவருக்கே பாவமாகிப்போய், அடுத்த ஜன்னலைக் காட்டினார். என் மனைவி என்பதற்கு "மேரா பீவி" என்றுதான் இன்றைக்கும் எனக்கு வாயில் வரும். பெண்பாலுக்கு "மேரி" என்று என் மகள் மது திருத்தித் திருத்திக் களைத்துவிட்டாள்.

மச்சானுக்கு இன்னொரு விஷயமும் புரியவில்லை. போன வருஷம் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்திருந்தவன் நான். ஊருக்கு வருவதாகத்தான் இருந்தது. அந்த மனுவை அப்புறம் திருப்பி வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் மனுவைத் திருப்பி வாங்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அந்தக் காரணம் இதுதான்.

2

தொண்ணூற்றைந்தில் வந்தோம். புனேவுக்கு வெளியே சாகண் பக்கம் கார் கம்பெனிகளும் அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்குத் தரக்கட்டுப்பாட்டில் வேலை. ஒரு பல்சக்கரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவேன். வீட்டில் நடப்பதுதான் என் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் ஏரவாடாவில் ஒரு சந்துக்குள் ஒன்றரை அறை. அந்த மழைக்காலத்தில் துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் அறைக்குள்ளேயே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது, அந்த ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று வசந்தா அழுதுகொண்டிருந்தாள்.

"ஊருக்கே போயிரலாமுங்க. இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியல. ஒண்ணும் புரியல."

"ரெண்டே வருஷம், பொறுத்துக்க" என்றேன்.

அந்த இரண்டு வருஷம் பதினாலு வருஷமாயிற்று. அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்தான் அவள் சொன்னதை மனசுக்குள் அப்படியே பூட்டி வைத்துக்கொண்டேன். கோந்த்வாவுக்கு வீடு மாறியபோதும், பிறகு சாகணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடியை, அதாவது குக்கிராமத்தை, ஒட்டிக் கட்டிய குடியிருப்பில் சொந்தமாக வாங்கி வந்தபோதும், இவளை இழுத்துக்கொண்டு வந்து அடைத்து வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைவேன். அவள் டீ டம்ளரோடு நிற்பாள்.

"இன்னிக்கும் நாள் பூரா இந்த நாலு செவுத்துக்குள்ளயேவா?" என்று கேட்பேன். அதைக் கரிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நாய் வந்தது மதுவால். காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். 'ப்ரூனோ' என்று அவள் பெயர் வைத்தாள். வசந்தா முதல் நாளே "மணி" என்று கூப்பிட்டாள், அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டது. மது ஒரு நாள் விளையாட்டாக, "ப்ரூனோ, பப்பாகிட்ட போ" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"நாய்க்கு நான் அப்பனா? அந்தப் பேச்செல்லாம் இந்த வீட்ல வேண்டாம்."

அதோடு சரி. என் எதிரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாயும் என்னிடம் ஒட்டவில்லை, நானும் ஒட்டவிடவில்லை. அப்புறம் மது மேல்படிப்புக்கு மெல்பர்ன் போய்விட்டாள். தமிழ் பேசுவாள், அதுவும் பாதி வழியில் இங்கிலீஷுக்கோ மராத்திக்கோ தாவிவிடும். சின்ன வயசிலேயே இங்கே வந்துவிட்டதால் தமிழ் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று நான் வாங்கிய அரிச்சுவடி இரண்டு பக்கத்தோடு நின்றுபோயிற்று. இப்போது எழுதுவதையும் அவள் படிக்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும், நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் மச்சான் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும்தான் எழுதுவேன். எங்களைப் போல வந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான். சொந்த வீடு வாங்கி, வரி கட்டி, ஓட்டுப் போட்டு, அப்போதும் புனே முகவரி 'தற்போதைய' கட்டத்தில்தான் போகும். மாற்றி எழுதினால் ஊருக்கும் நமக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் போல ஒரு பயம்.

3

போன வருஷம் ஆடி முடியும் சமயத்தில் புனேவில் பன்றிக் காய்ச்சல் பரவியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டி.வி.யில் தினமும் எங்கள் ஊர்தான். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், தியேட்டர்களை மூடினார்கள். முகமூடி கிடைக்காமல் ஜனங்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள். கற்பூரமும் ஏலக்காயும் சேர்த்துத் துணியில் முடிந்து, அதை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் போனார்கள்.

வசந்தாவுக்குச் சாதாரண சளி என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் தனி வார்டு, உள்ளே யாரையும் விடவில்லை. வாசலில் மேஜை போட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். நின்றபடியே நிரப்பினேன். நிரந்தர முகவரியில் வழக்கம்போல மச்சானுடைய முகவரி, மச்சானுடைய நம்பர். என் செல்போன் நம்பரைக் கீழே, சின்ன கட்டத்தில் எழுதினேன்.

என்னையும் சோதித்துப் பார்த்துவிட்டு வியாதி இல்லை என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். ஆனாலும் கம்பெனியில் பத்து நாள் வராதே என்று சொல்லிவிட்டார்கள். மது அங்கிருந்து தினமும் கூப்பிட்டாள். "அப்பா, நான் வரவா? பட் ஏர்போர்ட்ல காய்ச்சல் பார்க்கறாங்களாம். என்னை அங்கயே நிறுத்திட்டா?" நான்தான் வேண்டாம், அம்மா நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றேன். அதற்காக அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் தன் போனிலிருந்தே கூப்பிட்டு வசந்தாவிடம் கொடுத்தாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சாப்டீங்களா?"

"அது கெடக்குது. நீ எப்படி இருக்கற?"

"மணியச் சாயங்காலம் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கே வழி தெரியும். கயித்த இழுக்காதீங்க."

எனக்கு அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் போல இருந்தது. பிள்ளையார் சதுர்த்தியன்று சொல்லலாம் என்று வைத்திருந்ததை அப்போதே சொல்லிவிட்டேன். ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன், மச்சான் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பேசியாயிற்று, நீ வந்ததும் கோயமுத்தூருக்குப் போய்விடலாம் என்றேன். பதினாலு வருஷம் கழித்து ஒருவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

இருமல்தான் முதலில் வந்தது.

"மணிய என்ன பண்றது?" என்றாள்.

அதற்குள் நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள். காய்ச்சலில் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

4

அன்றைக்குச் சாயங்காலம் நாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். குடியிருப்புத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். வசந்தாவும் அவ்வளவுதான் செய்வாள் என்று நினைத்திருந்தேன். மணி தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் கேட் வழியாக நேராக வாடிக்குள் நுழைந்தது.

ஐந்து வருஷமாக அந்த வாடியை ஒட்டி இருக்கிறேன், உள்ளே போனதில்லை. தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பூட்டு. பிள்ளையார் பந்தலுக்கு நட்ட மூங்கில்கள் கூரையில்லாமல் நின்றன. மாடுகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன, மனுஷ நடமாட்டம் இல்லை.

மணி முதலில் மாவு மில் வாசலில் போய் நின்றது. மில்லைப் பாதி மூடிவிட்டு முகத்தில் துண்டு கட்டிய ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நாயைப் பார்த்ததும் எழுந்தார், பின்னால் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வசந்தா அரைக்கக் கொடுத்த ராகி. டப்பாவின் மேல் பெயின்டில் மராத்தியில் பெயர் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வசந்தாதாயி.'

தாயி என்றால் இங்கே அக்கா. எங்களை 'மதராசி' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து ஒரு நீலக் கதவு. மணி அதன் எதிரில் உட்கார்ந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு அம்மாள் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டாள். தூரத்திலிருந்தே கேட்டாள், "வஹினி எப்படி இருக்கிறாள்?" வஹினி என்றால் அண்ணி. "கொஞ்சம் பரவாயில்லை" என்று என் உடைந்த இந்தியில் சொன்னேன்.

"நேற்று மசாலா இடிக்க எல்லாரும் கூடுவதாக இருந்தோம். அவள் வந்தால்தான் எங்களுக்குச் சிரிப்பே" என்றாள் அந்த அம்மாள்.

வசந்தாவா? எந்த பாஷையில்? எனக்குத் தெரிந்து அவளுக்கு மராத்தியில் விலை கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அவள் நான்கு பெண்களை உட்கார வைத்துச் சிரிக்க வைத்தாளாம். எங்கள் வீட்டில் அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

சாவடி அருகில் ஒருவர் கையை நீட்டி மறித்தார். "சாஹேப், உங்கள் வீட்டில் அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. இந்தப் பக்கம் வராதீர்கள். நாயையும் கொண்டுவராதீர்கள்." எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே ஆட்டினேன். அதற்குள் மாவு மில்காரர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "விடுங்கள். வஹினியின் நாய் அது. நடக்கட்டும்." அவர் விலகிக்கொண்டார். பதினாலு வருஷ அனுபவமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்ந்து எனக்கு வாங்கித் தராத வழியை, வஹினியின் நாய் என்ற ஒரு வார்த்தை வாங்கிக் கொடுத்தது.

வாடியின் மறுகோடியில் ஒரு பஸ் நிறுத்தம். தகரக் கூரை, சிமென்ட் பெஞ்சு, பக்கத்தில் ஒரு பூட்டிய டீக்கடை. மணி அந்தப் பெஞ்சுக்கு அடியில் போய், வயலுக்கு அப்பால் தெரியும் பைபாஸ் ரோட்டைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

ஐந்து நிமிஷம் பார்த்தேன். "வா" என்றேன். "சலோ" என்றேன். "எந்திரிடா சனியனே" என்றேன். காதை ஆட்டியதே தவிர அசையவில்லை. கயிற்றை இழுக்காதே என்று அவள் சொல்லியிருந்தாள். அரைமணி நேரம் கழித்து, இழுத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

5

அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். மாவு மில், நீலக் கதவு, சாவடி, கடைசியில் அந்த நிறுத்தம். அங்கே போனதும் ரோட்டைப் பார்த்துப் படுத்துவிடும். நானும் பெஞ்சில் உட்கார்ந்து தூறலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு ஒரே கேள்விதான். இவள் இங்கே என்னோடு வேண்டாவெறுப்பாக இருந்தாளா, இல்லையா? இல்லையென்றால், அவளைக் கேட்காமல் வேரோடு பிடுங்க இருந்தேனா? அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். எப்படிக் கேட்பது என்றுகூட வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள" என்றார். மறுபடியும், "மாப்ள" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இங்கே ஆஸ்பத்திரி நம்பர் வந்துவிடுமோ என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இவர் வேறு. "என்னன்னு சொல்லுங்க மச்சான்" என்று அதட்டினேன்.

"ஆஸ்பத்திரில இருந்து எனக்குப் பண்ணாங்க மாப்ள. இந்தில சொன்னான், எனக்குப் புரியல. பக்கத்து வீட்டுப் பையங்கிட்டக் குடுத்துக் கேட்டேன். வசந்தா போயிருச்சாம்."

என்னிடமிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷப் பயணம். என் மனைவி செத்துப்போன செய்தி கோயமுத்தூருக்குப் போய், இந்தி தெரிந்த யாரோ ஒரு பையனைத் தேடிப் பிடித்து, திரும்பி என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் தப்பில்லை. நிரந்தரம் என்று நான் எந்த நம்பரை எழுதினேனோ, அந்த நம்பரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாயை அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். மாவு மில்காரர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார் என்று பிறகு தெரிந்தது.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. இங்கேயே முடித்தோம். மது மூன்றாம் நாள் வந்தாள். வந்தவள் நேராகப் போய் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னிடம் வரவில்லை. இரண்டு வாரம் இருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சான்றிதழ், கையெழுத்து, நகல் இவற்றைப் பற்றித்தான். இறப்புச் சான்றிதழிலும் வசந்தாவுக்குக் கோயமுத்தூர் முகவரிதான் இருந்தது. மது அதைப் பார்த்துவிட்டு, "அம்மா அங்க இருந்ததே இல்லையே அப்பா" என்றாள். இவ்வளவு முழுசாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

6

மது திரும்பிப் போன மறுநாள் ஒரு சனிக்கிழமை. நான் இன்னும் லீவில்தான் இருந்தேன். மணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓய்வு மனு அப்படியேதான் இருந்தது. மாசக் கடைசியில் ஊருக்குப் போவதாக முடிவு. நாயை மாவு மில்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நிறுத்தத்தில் டீக்கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மாளுக்குச் சுமன்தாயி என்று பெயர், ஐம்பது வயசு இருக்கும். மகள் பிரசவத்துக்கு ஏரவாடா போனவள், காய்ச்சல் பயத்தில் அங்கேயே தங்கிவிட்டாளாம். முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மணி கீழே படுத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

வயலுக்கு அப்பால் பைபாஸில் எங்கள் கம்பெனி பஸ் போயிற்று. அந்தப் பஸ் அப்படியே வளைந்து, இன்னொரு காலனியில் ஆட்களை இறக்கிவிட்டு, எங்கள் முன் கேட்டுக்கு வர இருபது நிமிஷமாகும். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவேன், இந்த நிறுத்தத்தைப் பார்த்ததே இல்லை. மணி தலையைத் தூக்கிப் பஸ்ஸைப் பார்த்தது. பிறகு சுமன்தாயியைப் பார்த்தது.

சுமன்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, நாயின் முதுகில் கை வைத்துச் சொன்னாள்.

"அப்பா வந்தாச்சு, எந்திரி சாமி."

தமிழில் சொன்னாள். எங்கள் கொங்குத் தமிழ். வசந்தா இழுக்கிற அதே இழுப்பு.

மணி எழுந்து உடம்பை உதறியது.

"அப்படியென்றால் என்ன அர்த்தம், சாஹேப்?" என்று கேட்டாள். "எனக்கு அர்த்தம் தெரியாது. அந்தப் பஸ் போனதும் வஹினி இதைச் சொல்லுவாள். சொன்னதும் இது எழுந்துவிடும். இரண்டு பேருமாக அந்த வரப்பு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ஐந்து வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டாள்."

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன்.

வரப்பு வழியாகப் போனால் பின் கேட்டுக்கு ஏழெட்டு நிமிஷம். அடுப்பில் டீயை வைக்க நேரம் இருக்கும். நான் உள்ளே நுழையும்போது அவள் காலில் ஈரமண் ஒட்டியிருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவன், ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. நாலு சுவருக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயா என்றுதான் கேட்டேன்.

பெஞ்சில் இருந்த டீயைக் குடிக்காமலே எழுந்தேன். மணி வரப்பில் இறங்கிவிட்டது. கயிறு என் கையில்தான் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், நான் வீட்டுக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.